சட்டாம்பிள்ளை பாடம் நடத்திய பள்ளிகள்



நான் ஓய்வு பெற்ற பிறகும் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. "சார், எங்க ஊர் அரசுப் பள்ளியில 58 பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். முப்பது பேருக்கு ஒருத்தர்னா கணக்கு சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் பிள்ளைக்கு வாசிக்க வரல?" இதற்குப் பதில் சொல்ல இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் தேறினர். வகுத்துப் பாருங்கள், பள்ளிக்குப் பதினைந்து பேர்தான். பெரும்பாலும் ஒரே வாத்தியார். பொற்காலம் என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடமே இல்லை.

அந்தத் திண்ணையில் வாத்தியாருக்குத் துணை சட்டாம்பிள்ளை. பெரிய பையன் சின்னப் பையனுக்கு மணலில் எழுத்துக் காட்டிக் கொடுப்பான். 1787இல் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதும் இந்த வழக்கத்தைப் பார்த்தார். தம் பள்ளியில் செய்யச் சொன்னபோது உதவி ஆசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடமே சின்ன வகுப்பை ஒப்படைத்தார். ஊர் திரும்பி 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம், செலவும் மிச்சம் என்பதுதான் அதன் கவர்ச்சி. பதினைந்து பேர் இருந்த திண்ணையில் கைகொடுத்த வழக்கம், ஆசிரியர் இல்லாத குறையை மறைக்கும் திரையாக மாறியது அங்கேதான் என்பது என் எண்ணம்.

அதே சிக்கனக் கணக்கு 1953இல் வேறு உருவில் வந்தது. ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று எதிர்த்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் ஓர் ஆசிரியர் கணக்கும் இருந்தது. பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து இரண்டு ஷிப்டு நடத்தினால், இருக்கிற ஆசிரியர்களைக் கொண்டே இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம். மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கும். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

காமராசர் காலத்து மதிய உணவு பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்தது. ஆனால் நான் படித்த பள்ளியில் அடுப்பையும் அரிசியையும் கவனித்தது எங்கள் தலைமையாசிரியரேதான். பதினொரு மணிக்கு மேல் அவர் வகுப்பு சட்டாம்பிள்ளை கையில். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனி ஆட்கள் வந்தார்கள். சோற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். வாத்தியார் வகுப்பில் இருக்க முடிந்ததைப் பேசியவர் குறைவு. 2022இல் தொடங்கிய காலை உணவுக்கும் மகளிர் குழுவினர் சமைப்பது நல்ல ஏற்பாடு.

1987இல் வந்த கரும்பலகைத் திட்டம் எந்தத் தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்றது. ஓராசிரியர் பள்ளியில் தனியாகக் கிடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். காய்ச்சல் வந்தால்கூடப் பள்ளிக்குப் பூட்டுப் போட வேண்டிய நிலை அதுவரை.

2009இன் கல்வி உரிமைச் சட்டம் அதைச் சட்டமாக்கியது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 120 வரை நான்கு. இப்போது கேள்விக்கு வருகிறேன். சட்டம் எண்ணுவது பிள்ளைகளின் தலையை. பள்ளியில் இருப்பதோ ஐந்து வகுப்புகள். 58 பிள்ளைகள் என்றாலும் ஐந்து வகுப்பு, 20 பிள்ளைகள் என்றாலும் ஐந்து வகுப்பு. ஒரு நாளுக்கு ஐந்து மணி நேரப் பாடம் என்று வையுங்கள். இரண்டு ஆசிரியருக்கும் சேர்த்துப் பத்து மணி நேரம். ஐந்தால் வகுத்தால் ஒரு வகுப்புக்கு ஆசிரியர் கிடைப்பது இரண்டே மணி நேரம். மீதி மூன்று மணி நேரம் அந்தப் பிள்ளைகள் 'பார்த்து எழுது'தான். ஒருவர் பயிற்சிக்குப் போனால், மற்றவர் பதிவேடு எழுத உட்கார்ந்தால், அதுவும் போயிற்று. தேர்தல் வேலைக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஆசிரியரை அனுப்ப அதே சட்டத்தின் 27ஆம் பிரிவே இடம் தருகிறது.

இதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட திட்டம் 2007 வாக்கில் மாநிலமெங்கும் வந்த செயல்வழிக் கற்றல். பல வகுப்புப் பிள்ளைகள் ஓர் அறையில் கலந்து உட்கார்ந்து, அட்டையை எடுத்து, ஏணிப்படியில் அவரவர் வேகத்தில் ஏற வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. (அட்டை அடுக்குவதே தனி உத்தியோகம் என்பது வேறு கதை.) ஆனாலும் முதல் அட்டையிலேயே நிற்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். அட்டை உட்காராது.

ஆகவே உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் "எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆசிரியர்" என்று கேட்பதோடு விடாதீர்கள். ஒன்றாம் வகுப்புக்கு என்று முழுநேரமும் ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டே பேர் இருந்தாலும், ஒருவரை ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்று வகுப்பையும் இன்னொருவர் பார்த்த பள்ளிகளில் வாசிப்பு தேறியதை நான் கண்டிருக்கிறேன். பெரிய வகுப்புக்காரருக்குப் பாடு அதிகம்தான்.

உங்களில் எத்தனை பேர் சட்டாம்பிள்ளையாக இருந்தீர்கள்? எந்த வகுப்பில் இருந்துகொண்டு எந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். அந்த நேரத்தில் உங்கள் பாடத்தை யார் நடத்தினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.