தரங்கம்பாடி: பொன்னேடும் பனையேடும்

தரங்கம்பாடி என்ற பெயரைக் கேட்டதும் அலைகள் பாடும் ஊர் என்று பொருள் கொள்ளவே கவிஞர் நெஞ்சம் விரும்பும். பயணக் கையேடுகளும் அவ்வாறே எழுதி வருகின்றன. கேட்க இனிமையானதுதான், ஆயினும் பிற்காலக் கற்பனை. 'தரங்கம்' அலையைக் குறிக்கும் வடசொல் என்பதில் ஐயமில்லை. 'பாடி' என்பதோ பாடுதலன்று; குடியிருப்பு. வாணியம்பாடியிலும் காட்பாடியிலும் வருகின்ற அதே பாடி. 14-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி என்றே வழங்கப்பெறுகிறது. குலசேகரன்பட்டினம் என்றொரு பெயரும் இதற்கு இருந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கடலோரத்தில் நிற்கிறது. டேனியர் வந்திறங்கியது அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே. டேனியரால்தான் இவ்வூர் பிறந்தது என்பது போல் எழுதுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் செல்லும் சாலை, காவிரி தன் கடைசி வாய்க்கால்களை விரித்துக் கடலிற் கலக்கும் கடைமடை நிலத்தினூடே போகிறது. வயல் முடிகின்ற இடத்தில் மணல் தொடங்குகிறது. மணல் தொடங்கிய சிறிது தொலைவிலேயே 1792-இல் கட்டப்பெற்ற நகர வாயில் வெண்ணிறத்தில் எதிர்ப்படுகிறது. 1926 முதல் 1986 வரை இவ்வூருக்குத் தொடர்வண்டியும் வந்து போயிற்று.

வடகோடியில் உள்ள சிறிய நாடு ஒன்று இக்கடைமடையைத் தேடி வருவானேன்? என் மாணவியர் கேட்கும் முதல் வினா இதுவே. மிளகும் துணியுமே விடை. 1616-இல் தொடங்கப்பெற்ற டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி இலங்கையில் கால் ஊன்ற எண்ணித் தோற்றது. முன்னோடியாக வந்த கப்பலைப் போர்த்துகீசியர் அழித்தனர். அதிலிருந்து தப்பிய ரோலண்டு கிராப்பே தஞ்சை அரசவையை அடைந்தார். தொடர்ந்து வந்த தளபதி ஓவே கெட்டேக்கும் இரகுநாத நாயக்கருக்கும் 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. கோட்டை கட்டிக்கொள்ள இசைவு, அதற்கு ஆண்டு வாடகை. அவ்வளவே. டேனிய மன்னர் நான்காம் கிறித்தியானுக்கு நாயக்கர் விடுத்த மடல் பொன்னேட்டில் தமிழில் பொறிக்கப்பெற்று, அவரது தெலுங்குக் கையொப்பத்துடன் கோபன்கேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அரசர் வெளிநாட்டு மன்னருக்குத் தமிழில் எழுதினார் என்பதைத் தமிழாய்வாளர் இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

குடியேற்ற வரலாறு என்றாலே வென்றவன் கதை என நினைக்கிறோம். டான்சுபோர்க் கோட்டையின் கதை அப்படிப்பட்டதன்று. 1639-க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் அனுப்பப்படவில்லை. இறுதியில் எஸ்கில்டு ஆண்டர்சன் கோங்சுபாக்கே என்ற எளிய வீரரே தலைவராக இருந்து, 1669-இல் கப்பல் வரும்வரை கோட்டையைக் காத்தார். மறுபுறம், பஞ்சத்தில் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டோர் இக்கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவ்வாணிகத்தில் ஒல்லாந்தரைப் போலவே டேனியருக்கும் பங்குண்டு. கோட்டையின் அழகைப் பாடுவோர் இதையும் சேர்த்தே பாடவேண்டும்.

1706 சூலை 9-ஆம் நாள் சீகன்பால்கும் புளூட்சோவும் கரையிறங்கினர். இருவரும் செருமானியர், அனுப்பியவர் டேனிய மன்னர் நான்காம் பிரடெரிக்கு. சமயப் பணியாளர் என்ற நிலையில் சீகன்பால்கை மதிப்பிடுதல் என் நோக்கமன்று. அவர் தமிழ் கற்ற முறையே நமக்குப் பொருளாவது. முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திற்கே அழைத்துச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். செருமானிய ஏடுகள் 'அலெப்பா' எனக் குறிக்கும் அழகப்பன் என்ற பன்மொழி அறிந்த துபாசி அவருக்குத் துணைநின்றார். ஏடு வாங்க ஆளனுப்பி, அந்தணர் வீட்டுக் கைம்பெண்களிடமிருந்தும் சுவடிகளைத் திரட்டினார். 1708-இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் தமிழரின் சமய, நீதி, இலக்கிய நூல்கள் மட்டும் 119. திருக்குறளும் சிவவாக்கியமும் அதிலுண்டு. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்தார். ஆண்டிறுதியில் டேனியத் தளபதியே அவரைக் கோட்டையில் நான்கு மாதம் சிறைவைத்தார். சமயமும் கம்பெனியும் ஒரே கை என்று கருதுவோர்க்கு இது ஒரு மறுப்பு.

அச்சு பற்றி ஒரு தெளிவு. தமிழ் முதன்முதலில் அச்சேறியது தரங்கம்பாடியில் என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. அது சரியன்று. 1578-இலேயே 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகியது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும், செருமனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. வந்த எழுத்துகள் பெரியன, தாளைத் தின்றன. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கினர் என்பர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. தாளுக்கென்று பொறையாற்றில் ஆலையும் தொடங்கினர். அச்சிடுதலை ஒரு நூலோடு நில்லாது தொடர்ந்த தொழிலாக்கிய இடம் இது.

எனினும் எது அச்சேறியது, எது ஏறவில்லை என்பதிலேதான் வரலாறு இருக்கிறது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் சீகன்பால்கு எழுதிய நூலை ஹாலேயில் இருந்த பெரியவர்கள் அச்சிட மறுத்தனர். 1867-இல்தான் அது சென்னையில் வெளியாயிற்று. அதனினும் வருத்தம் தருவது மடல்களின் கதை. 1712 முதல் 1714 வரை தமிழ்நாட்டார் பலரிடம் சமயம், வழக்கம், கல்வி பற்றி வினவி, அவர்கள் எழுதிய 99 மடல்களைச் செருமன் மொழியில் பெயர்த்து ஹாலேயில் வெளியிட்டனர். அவற்றின் ஆக்கத்தில் அழகப்பனின் கை பெரிதும் உண்டு என்பது ஆய்வாளர் கருத்து. தமிழ் மூலமோ இன்று இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சாதாரணத் தமிழரின் உரைநடை, அயலாரின் வினாவுக்கு அவர்கள் நிமிர்ந்து சொன்ன விடை, நமக்குச் செருமன் மொழியில் மட்டுமே கிட்டுகிறது. 2013-இல் ஆங்கிலப் பெயர்ப்பும் நூலாக வந்தது. பொன்னேடு பிழைத்தது; பேச்சு போயிற்று.

அந்த அச்சுக்கூடம் இயங்கிய ஆண்டுகளில் சில கல் தொலைவிலுள்ள தில்லையாடியில், பின்னாளில் இராமநாடகம் பாடிய அருணாசலக் கவிராயர் சிறுவராக இருந்தார், பிறப்பு 1711. அந்தாதி பாடிய அபிராமி பட்டரைத் திருக்கடையூரில், 1712 முதல் 1728 வரை ஆண்ட முதலாம் சரபோசியின் காலத்தில் வைக்கிறது மரபு. ஒரு பகலில் நடந்து முடிக்கத்தக்க வட்டத்திற்குள் ஈயமும் எழுத்தாணியும் ஒருங்கே இயங்கின. ஒன்றையொன்று கண்டனவா என்பதற்குச் சான்று தேடவேண்டியது நம் கடன். இலக்கிய வரலாற்று நூல்களில் இவை தனித்தனி அதிகாரங்களில் அடைபட்டுக் கிடக்கின்றன.

பிற்காலத்தை விரைந்து சொல்லிவிடலாம். 1750-இல் இங்கு வந்த சுவார்ட்சு பாதிரியார், இரண்டாம் சரபோசிக்கு ஆசானாய்த் தஞ்சையில் நிலைத்தார். 1845-இல் டேனியர் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுச் சென்றனர். 1861-இல் நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை வந்ததும் வாணிகம் அங்கே போயிற்று. ஓய்ந்த அவ்வூரின் முன்சீப்பாக இருந்தவருள் ஒருவர், 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை.

கடல் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கொண்டுவிட்டது. 2004 திசம்பர் 26-இன் ஆழிப்பேரலை அக்காலத்து நாகை மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பும் தப்பவில்லை. அதன் பின்னர் டென்மார்க்குத் தேசிய அருங்காட்சியகத்தின் முயற்சியால் ஆளுநர் மாளிகை செப்பனிடப்பட்டது. செய்தவர்க்கு நன்றி உரித்து. அவர்கள் தம் முன்னோர் வீட்டைப் புதுக்கினர். நம்மவர் எழுதிய 99 மடல்களைத் தமிழுக்கு மீட்கும் வேலை நம்முடையது. வட்டத்தில் செருமன் அறிந்த அன்பர் இருவர் உளர். அடுத்த ஆண்டுப் பயணம் தரங்கம்பாடிக்கு எனின், தில்லையாடியையும் சேர்த்து, ஆளுக்கொரு மடலுடன் புறப்படலாம்.