குடியேற்றமும் நிலவுரிமையும்: மட்டக்களப்புக் கரையோர முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் பற்றிய ஓர் ஒப்பீடு

மக்கட் கூட்டத்தினர் தாம் பிறந்த மண்ணை விட்டு வேறொரு மண்ணிற் குடியேறுதல் வரலாற்றின் தொன்மையான நிகழ்ச்சிகளுள் ஒன்றாகும். அங்ஙனம் குடியேறியோருள் ஒரு சாரார் சில தலைமுறைகளுக்குள் நிலபுலமும் கல்வியும் பெற்று உயர்ந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் தலைமுறைகள் பல கழிந்தும் வந்தபோதிருந்த நிலையிலேயே நின்றுழல்கின்றனர். இதற்குக் காரணம் யாதென வினவின் பொதுவாகக் கிடைக்கும் விடை மிக எளியது: முன்னவர் முயற்சியுடையோர், சிக்கனம் அறிந்தோர், பின்னவர் அவை அற்றோர் என்பதே அது. இவ்விடை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இலங்கையின் இரு சமூகங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய ஒப்பீடு பிற நாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. ஐக்கிய அமெரிக்கா 1965ஆம் ஆண்டு தனது குடிவரவுச் சட்டத்தைத் திருத்தியமைத்த பின்னர், கொரியாவிலிருந்தும் ஜமெய்க்காவிலிருந்தும் பெருந்தொகையினர் நியூயோர்க் முதலிய நகரங்களை அடைந்தனர். கொரியர் பலர் காய்கறிக் கடைகளையும் சிறு வாணிப நிலையங்களையும் நடத்தினர். ஜமெய்க்கர் பலர், சிறப்பாகப் பெண்கள், மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் சம்பளத்துக்கு உழைத்தனர். கொரியர் இயல்பாகவே வணிகத் திறன் வாய்ந்தவர் என்ற கருத்து இதனால் அங்கு பரவலாயிற்று. ஆயின் கொரியருள் அநேகர் பல்கலைக்கழகக் கல்வி பெற்று வந்தவர்கள். ஆங்கிலம் கைவராமையாலும் தாயகத்துப் பட்டங்கள் அங்கு செல்லாமையாலும் கடை நடத்த நேர்ந்தவர்கள். ஜமெய்க்கருக்கோ ஆங்கிலம் வழக்கு மொழி. ஆகவே சம்பள உத்தியோகம் அவர்களுக்கு எட்டியது. சீட்டுப் பிடித்துப் பணம் சேர்க்கும் வழக்கமும் இரு சாராரிடத்தும் இருந்தது. கொரியர் அதனைக் 'கியே' என்பர். ஜமெய்க்கர் 'பார்ட்னர்' என்பர். சிக்கனம் இருவருக்கும் பொதுவாகவே இருந்தது. வேறுபட்டது அவர்கள் வந்த வழியும், வந்த இடத்தில் அவர்களுக்குத் திறந்திருந்த வாயிலுமே ஆகும்.

இக்கருத்தை மனத்திற்கொண்டு இலங்கையை நோக்கின், மட்டக்களப்புக் கரையோர முஸ்லிம்களும் மலையகத் தோட்டத் தமிழரும் ஒப்பிடற்குரியோராகத் தோன்றுகின்றனர். இரு சாராரும் பேசுவது தமிழே. இரு சாராரின் குடியேற்றத்துக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகள் உள்ளன என்பது உண்மையே. எனினும் ஓர் ஆட்சியின் தேவை கருதிக் குடியமர்த்தப்பட்ட மக்கள் என்ற வகையில் இரு வரலாறுகளும் அருகருகே வைத்து நோக்கத்தக்கன.

காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குச் செல்லும் வீதியில், வயல்வெளிகள் சூழ அமைந்துள்ள சிற்றூர் மாவடிப்பள்ளி. மாமரத்தின் அடியில் எழுந்த பள்ளியை நினைவூட்டுவது அதன் பெயர். சோனகர் என்றாலே வணிகர் என்று கொழும்பிலும் காலியிலும் வழங்கும் எண்ணத்தோடு இவ்வூருக்கு வருபவர் வியப்படையவே நேரும். ஈண்டும் அயலிலுள்ள சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலும் முஸ்லிம்களின் வாழ்வு நெல்லோடும் நீரோடும் பிணைந்தது. கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனையில் கைத்தறி நெசவு சிறந்து விளங்கியது. ஒரே சமயத்தினர் மேற்குக் கரையில் வணிகராகவும் கிழக்குக் கரையில் உழவராகவும் விளங்குவராயின், தொழிலைத் தீர்மானிப்பது பிறவிக்குணம் என்ற கூற்று முதற்படியிலேயே தளர்ந்துவிடுகின்றது.

கிழக்குக் கரையில் முஸ்லிம்கள் பெருந்தொகையாகக் குடியேறியமை பற்றிய தெளிவான வரலாற்றுச் செய்தி 1626ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினான். கண்டி அரசன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்தான். அவர்களுள் 4,000 பேரை அவன் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பர் குவேறோஸ் பாதிரியார். அதற்கு முன்னரும் அப்பகுதியில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். முக்குவருக்கும் திமிலருக்கும் நிகழ்ந்த போரில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்று, அவர்களிடம் பெண்கொண்டு அங்கேயே தங்கினர் என்னும் செவிவழிக் கதையும் அம்மாவட்டத்தில் வழங்குகின்றது.

செனரத் மன்னனின் செயல் இரக்கத்தால் மட்டும் விளைந்ததன்று. கடற்கரை முழுவதையும் போர்த்துக்கேயர் கைப்பற்றி வந்த காலம் அது. 1628இல் மட்டக்களப்பிலும் அவர்கள் கோட்டை அமைத்தனர். கீழைக் கரையைக் காக்கவும், தரிசாய்க் கிடந்த நிலத்தை வயலாக்கவும், உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லவும் கண்டி அரசுக்கு மக்கள் வேண்டியிருந்தனர். வந்தோர் குடும்பத்தோடு வந்தனர், குடிகளாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். நிலம் அவர்கள் கைக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. நிலத்தலைமை முக்குவப் போடிமாரிடம் இருந்தது. ஆயினும் காடு வெட்டியும், வாரத்துக்குச் செய்தும், விலைக்கு வாங்கியும் படிப்படியாக நிலம் சேர்க்க வழியிருந்தது. காலப்போக்கில் முஸ்லிம்களிடையேயும் போடியார் தோன்றினர்.

இவ்வுறுதிக்கு அவர்களின் சமூக அமைப்பும் துணைசெய்தது. அயலிலுள்ள தமிழரைப் போலவே அவர்களும் தாய்வழிக் குடிமுறையைக் கொண்டனர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடியின் சார்பிலும் மரைக்காயர் அமர்ந்தனர். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணம் முடிப்பர். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். இவ்வழக்கம் தந்தையர்க்கும் தமையன்மார்க்கும் பெருஞ்சுமையாக இருப்பது மறுக்கற்பாலதன்று. எனினும் குடும்பத்தின் கூரை பெண்ணின் பெயரில் நின்றமையால், ஆடவன் தொழில் இழப்பினும் கடனுறினும் குடும்பம் எளிதில் வீதிக்கு வருவதில்லை.

மலையகத்தின் வரலாறு முற்றிலும் மாறானது. 1820களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களுள் பசியாலும் பேதியாலும் மாண்டோர் பலர். தொடக்கத்தில் அவர்கள் கோப்பி பறிக்கும் பருவத்தில் வந்து திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்து தேயிலை பெருகியபோது, ஆண்டு முழுவதும் வேலை வேண்டியிருந்தமையின் குடும்பமாகத் தங்கலாயினர். கண்டி மன்னனுக்குக் குடிகள் வேண்டியிருந்தனர். தோட்டத் துரைக்கோ கைகள் மாத்திரமே வேண்டியிருந்தன.

தொழிலாளரைத் திரட்டியவன் கங்காணி. பயணச் செலவும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டன. அரிசியும் சம்பளக் கணக்கிற் கழிக்கப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டம் செல்ல விரும்புவோரின் கடனைக் குறித்துக் கொடுக்கப்பட்டதே 'துண்டு' எனப்பட்டது. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தித் தொழிலாளரை ஏற்றுக்கொள்ளும். எனவே தொழிலாளி எங்குச் சென்றாலும் கடன் அவனைத் தொடர்ந்தது. இம்முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சேமிக்க அறியாதவர் எனப் பழிக்கப்படும் மக்கள், சேமிப்புக்கு இடமே தராத கணக்கேட்டின்கீழ் ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இரு சமூகங்களும் ஒரே பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி இவ்வொப்பீட்டுக்குப் பெரிதும் பயன்படுவதாகும். 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வார்ட், மட்டக்களப்புப் பகுதியில் இறக்காமம், அம்பாறை முதலிய குளங்களைத் திருத்துவித்தார். 1856இன் 9ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டம், வயற்காரர் கூடித் தம் பழைய நீர்ப்பங்கீட்டு வழக்கங்களைச் சட்ட வலுவுடன் நடைமுறைப்படுத்த வழிசெய்தது. வட்டைகளிலே வட்டவிதானைமாரின் அதிகாரம் இவ்வாறு உறுதிபெற்றது. அதே தேசாதிபதியின் காலத்தில் மலைநாட்டுக்குக் கிடைத்தவை கோப்பியைக் கொண்டுசெல்லும் வீதிகளும், 1858இல் தொடங்கப்பெற்ற புகையிரதப் பாதை வேலையுமே. ஒன்பது ஆண்டுகளின் பின், 1865இன் 11ஆம் இலக்கச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியைச் சிறையிலிடத்தக்க குற்றவாளியாக்கிற்று. ஒரு சட்டம் உழவரைக் கூடிப் பேசச் செய்தது; மற்றொரு சட்டம் தொழிலாளி விலகிச் செல்வதைத் தடுத்தது. சில பத்து மைல்களே இடைவெளியுள்ள இரு நிலங்களின் மக்கள் இவ்வாறு வெவ்வேறு கதிக்கு உள்ளாயினர்.

தமிழகத்திலிருந்து அதே காலத்தில் வந்த மற்றொரு சாராரையும் ஈண்டுக் குறிப்பிடல் பொருந்தும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தோட்டத் தொழிலாளரின் தாயகத்தை ஒட்டிய பகுதியினரே. அவர்கள் முதலோடு வந்தனர். கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து கடன் வழங்கிப் பொருளீட்டினர். தாயக மரபு ஒன்றே நிலையைத் தீர்மானிக்குமாயின், ஒரே பகுதியிலிருந்து ஒரே கடலைக் கடந்தோருள் ஒருவர் கடன் கொடுப்போராகவும் மற்றவர் கடனிற் பிறந்து கடனில் இறப்போராகவும் ஆனமைக்கு விளக்கம் கிடையாது.

வீட்டுரிமையிலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகின்றது. மாவடிப்பள்ளியில் வீடு மகளின் சீதனமாக இருக்க, மலையகத்தில் லயத்து அறை தோட்டத்தின் உடைமையாக இருந்தது. வேலை நின்றால் கூரையும் நின்றுவிடும். கொழுந்து பறித்த பெண்ணின் உழைப்பின்மீதே தேயிலைத் தொழில் எழுந்தது; ஆயினும் 1984ஆம் ஆண்டுவரை அவளது நாட்சம்பளம் ஆணின் சம்பளத்திலும் குறைந்தே இருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும் 1970களிலேயே பெருமளவில் நிகழ்ந்தது.

சுதந்திரம் இவ்வேறுபாட்டைக் குறைக்கவில்லை, கூட்டியது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையோ பாட்டனோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. மூன்று நூற்றாண்டாக ஊரறிய வாழ்ந்த கிழக்கு முஸ்லிம்களிடம் அவ்வினாவை எவரும் எழுப்பவில்லை. லயங்களிற் பிறந்தோரிடம் அச்சான்று பெரும்பாலும் இருக்கவில்லை. ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் நாடற்றோராயினர். மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் 7 பிரதிநிதிகளைப் பெற்றிருந்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952இல் ஒருவரையேனும் பெறவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களின் எதிர்காலத்தை அவர்களைக் கேளாமலே பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். எஞ்சிய நாடற்றோரின் பிரச்சினை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலேயே தீர்க்கப்பட்டது.

இவ்வொப்பீட்டினின்றும் கிழக்கு முஸ்லிம்கள் அனைவரும் செல்வர் என்று கொள்ளலாகாது. போடியாரின் வயலிற் கூலிக்குழைத்தோரும் அச்சமூகத்தினரே. முல்லைக்காரனின் களஞ்சியம் போடியாரின் களஞ்சியத்தைப் போல் நிறைந்ததில்லை. பெற்ற நிலமும் என்றும் அச்சமின்றி இருந்ததில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின்னர் நீரின் தலைவாய் இங்கினியாகலைக்குச் சென்றது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நிலமும் நீரும் எவருடையவை என்ற வினா இனப்பிரச்சினையாக வளர்ந்தது. போர்க்காலத்தில், சிறப்பாக 1990க்குப் பின், பல உழவர் தம் வயல்களுக்குச் செல்லவும் இயலாதிருந்தனர். 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்முனைக் கரையோர ஊர்களைப் பேரழிவுக்கு உள்ளாக்கிற்று. உறுதியும் உரிமையும் இருந்தமையாலேயே இழந்ததைக் கேட்டு வாதாட அம்மக்களால் முடிந்தது. மலையக மக்களுக்கோ இழந்தது இது என்று சுட்டிக் காட்டவும் ஓர் உறுதிப்பத்திரம் இருந்ததில்லை.

மலையகத்துக்கு மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியே நடந்தோர் முன்வைத்த கோரிக்கைகளுள் நிலவுரிமையும் வீட்டுரிமையும் முதன்மையானவை. 2015க்குப் பின்னர் சில தோட்டங்களிற் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலத்துடன் வீடு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. தேவையை நோக்க அது சிறிதே. எனினும் திசை சரியானது.

சுருங்கக் கூறின், குடியேறிய சமூகமொன்றின் பிற்கால நிலையை அது கொண்டுவந்த குணங்களைக் காட்டிலும் அதற்கு அளிக்கப்பட்ட உரிமைகளே பெரிதும் வகுக்கின்றன. 1626ஆம் ஆண்டில் யாவும் இழந்து வந்தோர்க்கு வேர்விட மண் கிடைத்தது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அம்மண்ணின் மக்கள். கீழைக்கரையில் தன் மகளுக்கென மனைக்கல் நாட்டும் உழவனும், மலைச்சரிவில் ஏழு பேர்ச்சஸ் நிலத்துக்குக் காத்திருக்கும் தொழிலாளியும் வேண்டுவது ஒன்றே. முன்னவனுக்கு அது நெடுங்காலத்துக்கு முன்னரே கிடைத்தது. பின்னவனுக்கு அது கிடைக்க வேண்டியது இனியேனும் நிறைவேற வேண்டிய கடமையாகும்.