பொன்னிலக்கம் முதல் ஜியோஜீப்ரா வரை

கங்கைகொண்ட சோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதைத் தலைநகராக்கிய ராசேந்திரனின் தந்தை ராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என்று நுணுக்கி அளக்கின்றன. ஒரு வேலியில் மா 20இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, முந்திரி 320இல் ஒரு பங்கு. முந்திரியையும் 320 கூறாக்கினால் கிடைப்பது கீழ்முந்திரி.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பின்னங்களைப் பொன்னிலக்கம் என்ற சுவடியிலும் முகத்தலளவைகளை நெல்லிலக்கம் என்ற சுவடியிலும் படித்தார்கள். இன்று தனி மாவட்டங்களான பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்து ஊர்கள். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிவைத்த கணக்கெடுப்பில் சென்னை மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் பதிவாயின.

விரலால் மணலில் எழுதிப் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முறை வைக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். தவறினால் அங்கேயே திருத்தம். வாய்ப்பாடு மனத்தில் ஏறியபின் நெல், கூலி, நிலம் என்று வாய்க்கணக்கு. மணலையும் சட்டாம்பிள்ளை முறையையும் ஆண்ட்ரூ பெல் எழும்பூர் அநாதைப் பள்ளியில் கையாண்டு, பின்னர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

அச்சுப் புத்தகமும் கரும்பலகையும் வந்தபோது பாடம் விரிந்தது. ஆனால் போட்ட கணக்கு சரியா என்று தெரிய, நோட்டு திருத்தி வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காத்திருப்பைக் கணினி போக்கியது. 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் தோழர்களும் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத் தொடங்கினார். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய கணக்குப் புத்தகங்களில் ‘இணையச் செயல்பாடு’ பக்கத்தின் க்யூஆர் கோடு பிள்ளைகளை அந்த மென்பொருளுக்கே கூட்டிச்செல்கிறது. 1995இல் பிறந்த பெரம்பலூர் மாவட்டத்திலும், 2007இல் மீண்டும் தனி மாவட்டமான அரியலூரிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கையில் இருப்பது அதே புத்தகம்தான்.

திரையில் ஒரு முக்கோணம். மூலையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறுகின்றன. கூட்டினால் மட்டும் எப்போதும் 180 பாகை. இழுப்பதற்கு முன் “எந்தக் கோணம் பெருகும், ஏன்?” என்று ஆசிரியர் கேட்டால் பிள்ளை யோசிக்கிறது, தன் ஊகத்தைத் தானே சரிபார்க்கிறது. கேட்காவிட்டால் அது வெறும் நகரும் படம்.

திண்ணைப் பள்ளிக் கணக்கில் ஊரின் நெல்லும் நிலமும் இருந்தன. பெரம்பலூரின் மக்காச்சோளக் கொல்லையும் சின்ன வெங்காயப் பாத்தியும் அப்படி ஜியோஜீப்ராவுக்குள் வரலாம். சுற்றுவேலியின் மொத்த நீளம் மாறாமல் கொல்லையின் நீள அகலத்தை மட்டும் மாற்றினால் பரப்பு எப்போது அதிகம்? எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரே வகுப்பு நேரத்தில் இழுத்துப் பார்த்து விடை சொல்லக்கூடிய கேள்வி இது.