வேடமும் விளையாட்டும்

திருகோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து சுவாமிமலை ஏறுவோர் வழிவழியாகக் கேட்டுவரும் கதையொன்று உண்டு. சித்திரைப் புத்தாண்டு நாளிலே கோணேசப் பெருமான் நகருலாச் சென்றிருந்த வேளை, போர்த்துக்கேயப் படைவீரர் அந்தணர் வேடம் பூண்டு கோயிலுட் புகுந்தனர் என்பதே அக்கதை. தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624 அளவிற் கோட்டை எழுப்பியது வரலாறு. வேடம் பற்றிய பகுதி மக்கள் வழக்கு. அவ்வழக்கிலே இடிப்பைக் காட்டினும் வேடமே மிகுதியாகப் பேசப்படுகின்றது. புனிதர் கோலத்தைப் பொய்க்காகப் பூண்டதே பெரும் பிழை என்று இந்நாட்டு மக்கள் கருதினர் போலும்!

அங்ஙனமாயின், தெய்வக் கோலம் புனைதல் யாவுமே பிழையாகுமா? அன்று. இக்கடற்கரையின் ஊர்களிலேயே இராமனாகவும் கண்ணனாகவும் தருமனாகவும் உழவரும் மீனவரும் வேடம் பூண்டு இரவு முழுதும் ஆடிவந்துள்ளனர். தம்பலகாமத்து வயல் வெளிகளிலும் மூதூர்ப் பகுதியிலும், தெற்கே மட்டக்களப்பு முழுதிலும் வழங்கும் நாட்டுக்கூத்தைப் பற்றியே இங்குக் கூறப்படுகின்றது. அது வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். பாரத, இராமாயணப் போர்க்கதைகள் பெரும்பாலும் வடமோடிக்கு உரியவை.

கூத்தில் ஒருவன் தெய்வமாவது ஓரிரவிற் கைகூடுவதன்று. அண்ணாவியார் ஊரவரைக் கூட்டி, குரலும் உடற்கட்டும் நோக்கி, இன்னார்க்கு இன்ன பாத்திரம் என வகுத்துப் பாட்டேட்டைக் கையளிப்பார். இது சட்டங் கொடுத்தல் எனப்படும். பின்னர் மாதக்கணக்கிலே பயிற்சி நிகழும். தாளக்கட்டும் ஆட்டமும் கைவந்த பின்னரே காலிற் சலங்கை ஏறும்; அதன் பின்னரே வட்டக்களரியில் அரங்கேற்றம். பகலில் ஏர்பிடித்தவன் இரவில் முடியும் புயகீர்த்தியும் தாங்கி வரும்போது, அவனை அறிந்த ஊரே அவனை அரசனாகக் காண்கின்றது.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. பாத்திரம் களரிக்கு வரும்போது பாடப்படும் வரவுப் பாட்டு, இன்னார் வந்தார் என்று படர்க்கையில் அமைவது வழக்கம். ‘யான் கடவுள்’ என்று ஆடுவோன் தன்னைச் சாதிப்பதில்லை. கடவுள் வருகின்றார் என்று களரி அறிவிக்கின்றது. மனிதனுக்கும் வேடத்துக்கும் இடையே இவ்வாறு ஒரு வரம்பு நிற்கின்றது. ஏமாற்றுவோனிடம் இல்லாதது அவ்வரம்பேயாம்.

கோயிலை இடித்தவர் கொணர்ந்த சமயமும் இக்கலையைத் தழுவியது வியப்பன்றோ? கத்தோலிக்கத் தமிழர் புனிதர் வரலாறுகளைக் கூத்தாக்கினர். மன்னார்ப் பகுதியின் மூவிராசாக்கள் நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இற் பதிப்பித்தார். சமயம் வேறாயினும், ஆடுவோன் கொள்ளும் அடக்கம் ஒன்றே.

ஓர் ஊர் முழுதுமே பாத்திரமாகும் விளையாட்டும் கிழக்கிலங்கையில் உண்டு. அது கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்பு விளையாட்டு. மட்டக்களப்புப் பகுதியில் அது சிறந்து விளங்கியது. ஊரார் கோவலன் பக்கமான வடசேரி என்றும், கண்ணகி பக்கமான தென்சேரி என்றும் பிரிவர். எந்தச் சேரி என்பது குடிவழியே வருவது. ஆதலின் கணவன் ஒரு சேரியும் மனைவி மறுசேரியுமாக எதிர்நிற்றலும் உண்டு. முதலிற் போர்த்தேங்காய் அடிப்பர். பின்னர், வளைந்த வன்மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடங்கட்டி இழுப்பர். ஒன்று முறியும் வரை ஓய்வில்லை. வென்ற சேரியார் ஆடிப்பாடி ஊர்வலம் வருவர்; தோற்றோரை இகழும் வசைப்பாட்டும் அதில் இடம்பெறும்.

கோவலனும் கண்ணகியும் சண்பகப் பூக் கொய்கையில் அவர்தம் தோட்டிகள் சிக்குண்டமையே இதன் தோற்றம் என்பர் ஒருசாரார். மதுரையை எரித்தவளின் சினத்தைத் தணிக்கவே ஆடப்படுகிறது என்பர் மற்றொரு சாரார். மழைவேண்டியும் நோய்நீங்கவும் ஆடினர். சிங்கள மக்களும் பத்தினித் தெய்வத்தின் பொருட்டு உடுபில, யட்டிபில எனப் பிரிந்து ‘அங்கெலிய’ என்னும் இதே விளையாட்டை ஆடியுள்ளனர்.

இவ்விளையாட்டின் பயனும் இடரும் ஓரிடத்தனவே. அடக்கிவைத்த மனத்தாங்கல்களை வசைப்பாட்டாக வெளிவிட்டு ஊர் ஆறுதல் பெறும். வரம்பு மீறின் அதுவே மெய்ப்பகையாகும். கூத்திலும் குறைகள் இருந்தன. பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஏற்றனர். சாதி வேற்றுமை களரியிலும் தலைகாட்டியது.

இக்கலையைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தவர் வித்தியானந்தனே. விடியவிடிய ஆடும் கூத்தைச் சில நாழிகைக்குள் அடக்கி, பேராதனையில் 1962இற் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்பவற்றை அளித்தார். பின்னையதில் இராவணன் அழிவை நோக்கிச் செல்லும் அவல வீரனாக நின்றான். திருகோணமலை மக்களுக்கு இது புதிதாகத் தோன்றியிராது. சுவாமிமலையின் பிளவை இராவணன் வெட்டு என்றும், அவனைச் சிவபத்தன் என்றும் போற்றி வருவோர் அவர்கள்.

பின்னர் வந்த போர் பல களரிகளை வெறுமையாக்கியது. 2006இற் சம்பூர் மக்கள் ஊர்விட்டு அகன்றனர். 2015ஆம் ஆண்டு முதலே படிப்படியாக மீளக் குடியேறினர். வீட்டை மீளக் கட்டலாம். பாட்டேடு தொலைந்தாலும் மற்றோர் ஊரில் தேடிப் பெறலாம். ஆனால், இப்பாத்திரம் உனக்கு என்று இளைஞன் ஒருவன் கையில் ஒப்படைக்கும் அண்ணாவியார் மறைந்தால் ஈடு செய்தல் அரிது.

பொய்வேடம் கோயிலை இடித்தது என்று கதை சொல்கிறது. மெய்யன்போடு பூண்ட வேடமோ, விடிந்ததும் களையப்பட்டு, ஆடியவனை மீண்டும் வயலுக்கு அனுப்புகிறது. ஓரிரவு தருமனாக நின்றவன் மறுநாள் அயலானோடு வழக்காட நேரின், சிறிதேனும் நாணுவான் அன்றோ? தெய்வ வேடத்தை முன்னோர் விளையாட்டாகப் போற்றியதன் பயன் அதுவே எனலாம்.