பாடி கட்டிய ஊர்கள்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் சாலையோரம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. லாரி மாதிரி ஒன்று வரும், ஆனால் லாரி இல்லை. எஞ்சினை மூடிய ஒரு தகர முகம், அதற்குப் பின்னால் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், சக்கரங்கள், அவ்வளவுதான். கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. தற்காலிகமாக மாட்டிய ஓர் இருக்கையில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் வெயிலையும் காற்றையும் வாங்கியபடி ஓட்டிவருவார். எண்ணூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ ஜாம்ஷெட்பூரிலிருந்தோ வரும் சேஸ் அது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்துப் பட்டறைகளில்தான் அது லாரியாகும். எங்கள் பக்கம் அதை 'பாடி கட்டுறது' என்போம். வீடு கட்டுகிற மாதிரி, தேர் கட்டுகிற மாதிரி.

ஒரு தொழிற்சாலை ஏன் பாதி வண்டியை விற்க வேண்டும்? இதற்கான பதில் குதிரை வண்டிக் காலத்தில் இருக்கிறது. மோட்டார் வந்தபோது வண்டிக்கூடு செய்யத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். மோட்டார்காரர்கள் எஞ்சினையும் சட்டத்தையும் செய்தார்கள், மேலே உட்காரும் கூட்டைப் பழைய வண்டிக்காரர்கள் செய்தார்கள். இங்கிலாந்தின் ரோல்ஸ்ராய்ஸ்கூட இரண்டாம் உலகப் போர் வரை சேஸை மட்டுமே விற்றது. வாங்கியவர் தனக்குப் பிடித்த கூடு கட்டுபவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கட்டிக்கொள்வார். நம் ஊரிலும் இதே கதைதான். 1840இல் மதராஸில் தொடங்கி, குதிரை வண்டிகள் கட்டிப் பெயரெடுத்த சிம்ப்சன் கம்பெனியில்தான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் செய்தார்.

இந்த ஏற்பாட்டை முறித்தது தகட்டை அழுத்தும் பிரஸ். 1910களில் அமெரிக்காவில் எட்வர்ட் பட் மரச்சட்டமே இல்லாத முழு இரும்புக் கூடுகளைச் செய்தார். டை எனப்படும் இரும்பு அச்சில் தகட்டை வைத்து ஒரே அழுத்து, கதவு தயார். 1934இல் சிட்ரோயன், கூடும் சட்டமும் ஒன்றேயான காரைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. கூட்டைத் தனியாகப் பிரிக்க முடியாது என்று ஆனபிறகு, தனியாகக் கூடு கட்டுபவருக்குக் காரில் வேலை இல்லை. லாரியில் மட்டும் சட்டம் தனியாகவே நின்றது, ஏனென்றால் ஒருவர் சிமென்ட் ஏற்றுவார், ஒருவர் கோழி, இன்னொருவர் கிணறு தோண்டும் ரிக்.

பிரஸ்ஸுக்கு ஒரு நிபந்தனை உண்டு. டை செய்யும் செலவைப் பங்குபோட ஆயிரக்கணக்கில் வண்டி விற்க வேண்டும். 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியபோதும், 1954இல் டெல்கோ டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தபோதும் இந்தியச் சந்தை சின்னது. வாங்குபவருக்கும் கையில் பணம் குறைவு. ஆக, கம்பெனி சேஸோடு நிறுத்திக்கொண்டது. அது விட்ட இடைவெளியில்தான் எங்கள் ஊர்கள் பிழைத்தன.

இந்த ஊர்களுக்கு அந்த வேலை பொருந்தியதற்குக் காரணங்கள் உண்டு. மழை குறைந்த மேட்டு நிலம், கிணறு வற்றினால் வெள்ளாமை இல்லை. நிலத்தை மட்டும் நம்பமுடியாத குடும்பங்கள் லாரியில் பணம் போட்டன. நாட்டின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஊர் வழியாகவே போனது. மாட்டுவண்டியைப் பொறுத்தவரை, மரத்தையும் இரும்பையும் ஒன்றாகக் கட்டுவது இங்கே புதுசு இல்லை. பட்டையைக் காய்ச்சிச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும் என்பது தெரிந்த கைகள் இருந்தன. அடியில் வந்து நின்றது எஞ்சின், மேலே கட்டுவது அதே மரமும் இரும்பும்தான்.

பழைய லாரியின் கேபினைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். அதில் வளைவு உண்டு, ஆனால் பெரும்பாலும் ஒரு திசையில் மட்டும். புத்தகத்துக்கு அட்டை போடுகிற காகிதத்தை ஒரு குழாயில் சுற்றிப் பாருங்கள், சுருக்கமே வராது. அதையே குடத்தில் சுற்றினால் மடிப்பு மடிப்பாக நிற்கும். கவுஸ் 1827இல் கணிதமாக நிறுவியது இதுதான்: தட்டையான ஒன்றை நீட்டாமலும் சுருக்காமலும் கோளப் பரப்பில் படியவைக்க முடியாது. தகடும் அப்படித்தான். குழாய் மாதிரி வளைக்க மரச்சட்டமும் ஆணியும் போதும். குடம் மாதிரி வளைக்கத் தகட்டின் நடுவை அடித்து நீட்ட வேண்டும், அல்லது ஓரத்தைச் சுருக்க வேண்டும். மணல் பையின் மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால் நடு மெலிந்து குழியும். அடிக்க அடிக்க உலோகம் இறுகிப் பிடிவாதம் பிடிக்கும், காய்ச்சி ஆறவிட்டால் மறுபடியும் இளகும். அலுமினியம் நிறம் மாறிக் காட்டாமலே திடீரென்று உருகிவிடும் என்பதால், அதன்மேல் சோப்பைத் தேய்த்து, சோப்பு கருக்கும்வரை மட்டும் சூடு காட்டுவார்கள். மணிக்கணக்கில் நடக்கும் வேலை இது, மணிக்குக் கூலி உண்டு. அதனால்தான் லாரியின் முகம் சதுரமாக இருந்தது. குடம் மாதிரி வளைவு வேண்டுமென்றால் அதற்குக் காசு கொடுப்பவர் வேண்டும்.

வீட்டுக் கொல்லையில் தன் காருக்கு ஒரு மட்கார்டு செய்யலாமா என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. செய்யலாம். முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கே தகடு நீளவோ சுருங்கவோ வேண்டும் என்று குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பட்டறையில் எடுபிடியாகச் சேரும் பையனும் அப்படித்தான் கற்றான். முதலில் டீ வாங்கிவந்து, ஆணி எடுத்துக்கொடுத்து, அப்புறம் தகட்டைப் பிடித்து, அப்புறம்தான் சுத்தி. வரைபடம் கிடையாது. அளவெல்லாம் மேஸ்திரியின் கண்ணிலும், போன வாரம் கட்டிய வண்டியிலும் இருக்கும்.

வரைபடம் இல்லையென்றால் அறிவில்லை என்று படித்தவர்கள் நினைப்பது வழக்கம். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'ஏனுங்க மேஸ்திரி, கதவு தொங்குதுங்க' என்று ஓனர் வந்து நிற்பார், அடுத்த வண்டியில் கீல் தடிக்கும். யு போல்ட் போட்ட இடத்தில் விரிசல் விட்டால் அங்கே ஒரு பட்டை கூடும். எங்கள் மொழியில் பிழை அறிக்கை, திருத்தம், புதிய பதிப்பு. வண்டிகள் போய்த் திரும்பி வந்துகொண்டே இருந்ததால் பட்டறை கற்றுக்கொண்டே இருந்தது. இருக்கைக்குப் பின்னால் படுக்க ஒரு பலகை, சாமி படத்துக்கு ஓர் இடம், சட்டி வைக்க ஒரு பெட்டி. வாரக்கணக்கில் வடக்கே போகும் டிரைவருக்கு என்ன வேண்டும் என்பது எந்தத் தொழிற்சாலையையும்விட இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் திரும்பி வந்ததிலிருந்து மட்டும் கற்பதில் ஓர் ஓட்டை உண்டு. மோதி நசுங்கிய கேபினும் அதே பட்டறைக்குத்தான் இழுத்துவரப்பட்டது. அப்போது கேட்கப்பட்ட கேள்வி 'எத்தனை நாள்ல வண்டி ஆகும்?' என்பது. இடித்தபோது ஸ்டியரிங் எவ்வளவு பின்னால் வந்தது, கூரை எந்த மூலையில் மடங்கியது, கால் எதில் மாட்டியது என்பதையெல்லாம் சொல்ல வேண்டியவர் ஆஸ்பத்திரியிலோ சுடுகாட்டிலோ இருந்தார். போலீஸ் குறிப்பு ஒரு பக்கம், மருத்துவக் குறிப்பு ஒரு பக்கம், நசுங்கிய தகடு ஒரு பக்கம். மூன்றும் ஒரே மேசைக்கு வரவில்லை. கதவு தொங்குவதைச் சொல்ல ஓனர் இருந்தார், இதைச் சொல்ல யாருமில்லை.

இதே ஊரின் இன்னொரு வண்டியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இது இன்னும் உறைக்கும். சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர்களுக்கு நாமக்கல் பெயர்போனது. அந்த டேங்குக்கு 1981 முதலே தனி விதிகள் உண்டு, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் துறையின் கண்காணிப்பு உண்டு. வரைபடத்துக்கு ஒப்புதல் வேண்டும். தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஆக, முதுகுக்குப் பின்னால் இருக்கும் பாத்திரம் முத்திரை குத்தப்பட்டது. முகத்துக்கு முன்னால் இருக்கும் தகடோ வெகுகாலம் கண்ணளவில் கட்டப்பட்டது. வாயு வெடித்தால் ஊர் எரியும், கேபின் நசுங்கினால் ஒருவர் சாவார். விதிகள் வந்த வரிசையே இந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறது.

டேங்கை உடைக்காமலே சோதிக்கலாம். கேபினை அப்படிச் சோதிக்க வழியில்லை. லாரி கேபினுக்கான ஐ.நா. விதி 29இன்படி, ஏறக்குறைய 1500 கிலோ எடையுள்ள ஊசலை ஆட்டி முன்பக்கத்தில் மோதவிடுவார்கள். கூரையையும் அழுத்திப் பார்ப்பார்கள். அதற்கப்புறமும் உள்ளே ஒரு ஆள் அளவுக்கு இடம் மிஞ்ச வேண்டும். இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 029 இதற்கானது, ஏ.ஐ.எஸ். 093 லாரி கேபினுக்கும் பாடிக்குமான தரநெறி. சோதனை முடிந்தால் அந்த கேபின் குப்பைதான். ஆயிரம் செய்பவர் ஒன்றை உடைத்துப் பார்க்கலாம். ஓனருக்குப் பிடித்த மாதிரி ஒன்றே ஒன்று கட்டுபவர் எதை உடைப்பார்? உடைத்தால் ஒப்படைக்க வண்டி இல்லை. தனித்துவமான பொருளின் அடிப்படைச் சிக்கல் இதுதான். கைத்திறன் எவ்வளவு உயர்ந்தாலும் அது தீராது. எனக்கோ நிரலை ஒரு நாளைக்கு நூறு முறை உடைத்துப் பார்க்கலாம், செலவே இல்லை. அந்தச் சலுகை தகட்டுக்கு இல்லை.

சட்டமும் சந்தையும் இப்போது அந்த இடைவெளியை மூடி வருகின்றன. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்றது. கொல்லையில் கார் செய்ய நினைக்கும் என் நண்பர்களும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. புதிதாகத் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம். கம்பெனியே கேபினையும் கட்டி அனுப்புவது பெருகிவிட்டது. பட்டறைக்கு மிஞ்சுவது சரக்குப் பெட்டி, டிப்பர், டிரெய்லர், ரிக். நிறைய வேலைதான், ஆனால் மனிதன் உட்காரும் பகுதி கையைவிட்டுப் போகிறது.

இதற்காக வருத்தப்படுபவர்களோடு நானும் பாதி வருத்தப்படுகிறேன். அந்தக் கேபினில் வடக்கே போன டிரைவர்களை நினைத்தால் மீதிப் பாதி வரமறுக்கிறது. ஆனால் பட்டறை அல்லது பாதுகாப்பு என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதையும் ஏற்கமுடியவில்லை. ஒரு பட்டறையால் ஒரு கேபினை உடைக்க முடியாது, இருபது பட்டறைகள் சேர்ந்தால் முடியும். எலும்புக்கூடு ஒரே வரைபடமாக இருக்கட்டும், அதில் ஒன்றை ஊசலுக்குக் கொடுங்கள். மேலே போர்த்தும் தகடும் உள்ளே படுக்கையும் சாமிக்கான இடமும் அவரவர் கைவண்ணம். எலும்பு பொது, தோல் தனி. கோழி வளர்க்கவும் லாரி வாங்கவும் கூட்டாகப் பணம் போடத் தெரிந்த ஊர் இது. கூட்டாக ஒன்றை நசுக்கிப் பார்க்கவும் அதற்குத் தெரியாமல் போகாது.