பாதை பிறந்த பின்னரே ஓட்டம்: பள்ளித் திடலில் பெண்களின் வரலாறு

சிகாமட் வட்டாரப் பள்ளிகளின் இல்ல விளையாட்டுப் போட்டியைக் காணச் செல்லும் பெற்றோர், தம் மகனும் மகளும் ஒரே திடலில் ஓடுவதை இயல்பான காட்சியாகவே கருதுவர். அவ்வியல்பு தானே தோன்றியதன்று. நம் பாட்டிமார் காலத்தில் அஃது இயல்பாகவும் இல்லை. ஒவ்வோர் ஓட்டமும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு முடிவினால் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது. திறமை எக்காலத்தும் இருந்தது. அஃது ஓடுவதற்குரிய பாதைதான் பிந்தி வந்தது. இவ்வுரை நிறுவ முயல்வது இவ்வொன்றையே.

ஒலிம்பிக் வரலாற்றிலிருந்து தொடங்குவோம். தடகளப் போட்டிகளில் பெண்கள் முதன்முதலாக இடம்பெற்றது 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில். அவர்களுக்கென ஐந்தே போட்டிகள் வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான 800 மீட்டர் ஓட்டத்தில் ஜெர்மனியின் லினா ராட்கே உலகச் சாதனையுடன் வெற்றி பெற்றார். ஆயினும், ஓடி முடித்த பெண்கள் களைத்து விழுந்தனர் என்பதையே செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தின. ஓடிக் களைப்பது ஆணுக்கும் உரியதே என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வோட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என நீக்கப்பட்டு, 1960ஆம் ஆண்டில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட 32 ஆண்டுகளில் எத்தனை நாடுகளில் எத்தனை பெண்கள் அத்தூரத்தை ஓடாமலே இளமையைக் கடந்தனர் என்பதற்குக் கணக்கில்லை. ஓடாதவரின் பெயரை எந்த ஏடும் பதிந்து வைப்பதில்லை.

பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடைபெற்றது 1964ஆம் ஆண்டு தோக்கியோவில். அந்த முதல் ஓட்டத்திலேயே நம் நாட்டின் சார்பில் ஓடியவர், பேரா மாநிலத்தின் தாப்பாவில் பிறந்த மயில்வாகனம் ராஜாமணி. ஈராண்டுகள் கழித்து, 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே தூரத்தில் அவர் தங்கம் வென்றார். அவ்வாண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனையாக அவரும், சிறந்த விளையாட்டு வீரராக மணி ஜெகதீசனும் அறிவிக்கப்பட்டனர். அவ்விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்ட ஆண்டும் அதுவே. தமிழ்ப் பெயர் தாங்கிய இருவர் ஒரே மேடையில் நின்ற அந்நிகழ்வு நாம் பிள்ளைகளுக்கு மறவாது சொல்ல வேண்டியதாகும்.

ராஜாமணி பத்தாண்டுகள் முன்னர்ப் பிறந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? அதே கால்களும் அதே மனவுறுதியும் இருந்திருக்கும். ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டம் மட்டும் இருந்திராது. வழி திறந்தபின் அவ்வழியே பிறரும் வந்தனர். 1978ஆம் ஆண்டு அதே பாங்காக் நகரில், அதே 400 மீட்டரில் மலேசியாவின் சைக் ஓய்க் கம் தங்கம் வென்றார்.

போட்டி இருந்தால் மட்டும் போதுமா? போதாது; பயிற்றும் இடமும் வேண்டும். கேரள அரசு 1976ஆம் ஆண்டு கண்ணூரில் பெண்களுக்கென ஒரு விளையாட்டுப் பள்ளியைத் தொடங்கியது. அங்குச் சேர்க்கப்பட்ட சிறுமியருள் ஒருவர் பையோளி எனும் ஊரைச் சேர்ந்த பி.டி. உஷா. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடையோட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, நொடியில் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டில் அவர் வெண்கலத்தை இழந்தார். அத்தோல்வியைப் பலரும் நினைவில் வைத்துள்ளனர். எட்டே ஆண்டுகளில் ஒரு சிற்றூர்ச் சிறுமியை உலகின் நான்காம் இடத்துக்குக் கொண்டுசென்ற அப்பள்ளியை நினைப்பவர் சிலரே.

"பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டில் நாட்டமில்லை" என்பது இன்றும் கேட்கப்படும் வாதம். இதற்கு அமெரிக்கப் பள்ளிகளின் கணக்கு விடை தருகிறது. 1971-72 கல்வியாண்டில் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்ற மாணவர் 36 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்; மாணவியரோ 3 இலட்சத்தையும் எட்டவில்லை. 1972ஆம் ஆண்டு, அரசு நிதி பெறும் கல்விப் பணிகளில் பால் வேறுபாடு கூடாது என ஒரு சட்டம் வந்தது. விளையாட்டு எனும் சொல்லே அதன் முதன்மை வாசகத்தில் இல்லை. எனினும், ஆறே ஆண்டுகளில் மாணவியர் எண்ணிக்கை 20 இலட்சத்தைக் கடந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் மக்களின் நாட்டம் ஏழு மடங்கு பெருகுமா? பெருகியது நாட்டமன்று, வாய்ப்பே. அதே வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1972இல் அந்நாட்டுக் கல்லூரிப் பெண்கள் அணிகளின் பயிற்றுநருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். பிற்காலத்தில் அவர்கள் பாதிக்கும் குறைந்தனர். பதவிக்கு மதிப்பும் ஊதியமும் கூடியபோது அது கைமாறியது.

நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் அனைத்துலக உடன்படிக்கையில் மலேசியா 1995ஆம் ஆண்டு இணைந்தது. விளையாட்டிலும் உடற்கல்வியிலும் பெண்களுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என அதன் பத்தாம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. 2001ஆம் ஆண்டு கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாம் பிரிவில், பாகுபாடு கூடாத காரணங்களுள் பாலும் சேர்க்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு 'ஒரு மாணவர், ஒரு விளையாட்டு' எனும் கொள்கை பள்ளிகளுக்கு வந்தது.

எனில், எஞ்சியிருப்பது யாது? சட்டம் பள்ளி வாயில் வரை வரும். மாலை ஐந்து மணிக்குத் திடலிலிருந்து வீட்டுக்குச் செல்லும் சாலையில் அது துணை வாராது. சிகாமட், லாபிஸ், ஜெமந்தா சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவிக்குப் பயிற்சி முடிந்தபின் பேருந்து உண்டா? உடை மாற்ற அறை உண்டா? உடன் நிற்க ஓர் ஆசிரியை உண்டா? தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்கு மட்டுமா, அண்ணனுக்கும் உண்டா? தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை கோப்பை வென்ற சிறுமி, இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் காலணியைக் கழற்றி வைப்பது இக்கேள்விகளுக்கு விடையில்லாத இடத்தில்தான்.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்பதும், நான்கு பெற்றோர் முறைவைத்து வாகனம் ஓட்டுவதும் ஒரு பாதையைத் திறக்கும். பாதை பிறந்த பின்னரே ஓட்டம் என்பதை ராஜாமணியின் வாழ்வு காட்டுகிறது. அடுத்த ராஜாமணி நம் வட்டாரத்தில் பிறந்திருக்கக் கூடும். அவள் ஓடுவாளா என்பது அவள் கால்களை மட்டும் பொறுத்ததன்று, நம்மையும் பொறுத்ததே.