பிளாக்பெர்ரி: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாட்டுப்புற வாழ்வில்

பிளாக்பெர்ரி ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த முட்கொடி. இங்கிலாந்தின் வேலிகளிலும் தரிசுகளிலும் காட்டோரங்களிலும் யாரும் நடாமலே படர்கிறது. பார்வைக்கு முசுக்கட்டைப் பழத்தை ஒத்திருந்தாலும் அதற்கு உறவில்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பழுக்கும். ஒரே கொத்தில் பச்சைக்காயும் சிவந்த செங்காயும் கறுத்த கனியும் சேர்ந்து தொங்குவது இதன் தனி அழகு. லின்னேயஸ் 1753இல் ரூபஸ் ஃப்ரூட்டிகோசஸ் என்று பெயரிட்டார். ஆனால் இக்கொடி பெரும்பாலும் கருவுறாமலே விதை தருவதால், பிரிட்டனில் மட்டும் 300க்கு மேற்பட்ட நுண்ணினங்களைத் தாவரவியலார் பிரித்துக் காட்டுகின்றனர். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சார்லஸ் பேபிங்டன் 1869இல் இவற்றுக்கென்றே ஒரு நூல் எழுதினார். எது இனம், எது வெறும் வேறுபாடு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

தொடக்க காலத்துக்குச் சான்றுகள் சொற்பம். எசெக்ஸ் கடற்கரையில் 1911இல் கண்டெடுத்த புதிய கற்கால எலும்புக்கூட்டின் வயிற்றுப் பகுதியில் இதன் விதைகள் இருந்தன. பழைய ஆங்கில மருத்துவச் சுவடிகள் முட்கொடியைக் குறிப்பிடுகின்றன. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர், செத்தவர்களின் ஆன்மா பிளாக்பெர்ரி பறிக்கப் போனால் தனக்கென்ன என்று தம் பாத்திரம் ஒன்றைப் பேசவைத்தார். அத்தொடருக்கு ‘மனம்போன போக்கில் அலைதல்’ என்று பொருள் கொள்வோர் பலர். அதன் இலக்கண அமைப்பில் கருத்து வேறுபாடு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றித்தான் பதிவுகள் குவிந்துள்ளன. பழம் அப்போது பெருகியது ஒரு காரணம் என்பர். 1604க்கும் 1914க்கும் இடையே 5,000க்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் ஊர்ப் பொதுநிலங்களைத் தனியார் வயல்களாக்கின. அவற்றில் பெரும்பாலானவை 1750க்குப் பின் வந்தவை. புதிய வயல்களைச் சுற்றி நட்ட வேலிகளில் முட்கொடி தானாக வந்து ஏறியது. மேய்ச்சலும் விறகும் இழந்த கூலிக் குடும்பங்களுக்கு, அந்த வேலியிலேயே விலையில்லாத பழம் கிடைத்தது. இழப்புக்கு இது ஈடாகாது. ஆனாலும் ஏழை வீட்டு அடுப்படியில் அதற்கு இடம் இருந்தது. தோட்டத்துப் பழத்தைத் திருடினால் 1861ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் தண்டித்தது. தானாக விளைந்த காட்டுப்பழம் அந்த வகையில் வரவில்லை. அத்துமீறி நுழைந்ததாக நிலக்காரர் விரட்டலாம், அவ்வளவே.

பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். எட்டாத கிளையை வளைத்திழுக்கக் கொக்கித் தடியும், ஒரு கூடையோ தகரக் குவளையோ போதும். 1862 முதல் அரசு மானியம் பெற்ற பள்ளிகளில் தலைமையாசிரியர் நாட்குறிப்பு எழுத வேண்டியிருந்தது. மாணவர் வருகையையும் தேர்ச்சியையும் பொறுத்தே மானியம். ஆகவே செப்டம்பர் மாதப் பக்கங்களில், பாதி வகுப்பு பிளாக்பெர்ரி பறிக்கப் போய்விட்டது என்ற முறையீடு நாட்டுப்புறப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுதோறும் திரும்ப வருகிறது. ஏழைப் பிள்ளைகளின் இலையுதிர்காலத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. அதை எழுதியவர்களோ அவர்களைக் குறைசொல்லத்தான் எழுதினார்கள். சர்க்கரை வரி 1874இல் ஒழிந்ததும் ஜாம் காய்ச்சுவது எளிய வீடுகளுக்கும் கட்டுபடியானது. ஆலைகளும் பெருகின, வேலிப்பழத்துக்குக் காசு கிடைத்தது.

பறிப்பதற்கு ஒரு கெடு இருந்தது. அதிதூதர் மிக்கேலின் திருநாளான செப்டம்பர் 29க்குப் பின் பழத்தைத் தொடக்கூடாது. விண்ணிலிருந்து தள்ளப்பட்ட சாத்தான் முட்கொடியின்மேல் விழுந்தானாம். அந்தக் கோபத்தில் ஆண்டுதோறும் அன்றிரவு பழங்களின்மேல் துப்புவான் என்பது வழக்கு. மிதிப்பான், வாலால் துடைப்பான் என்றும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். 1752இல் நாட்காட்டி திருத்தப்பட்டதால், சில ஊர்கள் கெடுவை அக்டோபர் 10 அல்லது 11 என்று வைத்திருந்தன. ஈரமும் பூஞ்சையும் ஏறி அக்டோபரில் பழம் நீர்த்துச் சுவை கெடுவது உண்மை. கதை அதிலிருந்து பிறந்ததா என்பதை உறுதியாகச் சொல்வதற்கில்லை.

கொடியின் நுனி வளைந்து மண்ணைத் தொட்டு மறுபடி வேர்விடும். அப்படி அமைந்த வளைவின் கீழே கக்குவான் இருமல் கண்ட குழந்தையை நுழைத்தெடுத்தால் குணமாகும் என்று பல மாவட்டங்களில் நம்பினர். எத்தனை முறை, எந்தத் திசையில் என்பதில் தொகுப்பாளர்கள் ஒத்துப்போவதில்லை. கார்ன்வாலில் தீப்புண்ணுக்கு ஊற்றுநீரில் நனைத்த ஒன்பது இலைகளை வைத்து மந்திரித்தனர்.

கைவினைக்கும் கொடி உதவியது. முள்ளைச் சீவி, தண்டைப் பிளந்து, உள்சோற்றை நீக்கினால் நீளமான உறுதியான நார் கிடைக்கும். வைக்கோல் புரியைச் சுருள் சுருளாக அடுக்கி, பறவைக்கால் எலும்பால் செய்த ஊசியில் இந்த நாரைக் கோத்துத் தைத்ததே அக்காலத் தேனீக்கூடை. கொடியின் பூவில் தேனெடுத்த ஈக்கள் கொடியின் நாரால் தைத்த கூட்டிலேயே அதைச் சேர்த்தன.

பேச்சுவழக்கில் பழத்துக்குப் பல பெயர்கள். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் கொடிக்குரிய ‘பிராம்பிள்’ என்ற பெயரே பழத்துக்கும். வடக்கில் ‘பம்பிள்கைட்’ என்றும் சொல்வர். குளொஸ்டர்ஷையரில் ‘மூச்’ என்ற சொல் பழத்தையும் பள்ளிக்கு மட்டம் போடுவதையும் ஒருங்கே குறித்தது. எது முந்திய பொருள் என்பதில் அகராதிக்காரர்கள் தயங்குகிறார்கள். இரண்டையும் இணைத்து ஷேக்ஸ்பியரே எழுதியிருக்கிறார். அவருடைய நான்காம் ஹென்றி நாடகத்திலிருந்து வந்த, ‘பிளாக்பெர்ரி போல மலிந்த’ என்னும் உவமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் செய்தித்தாள்களில் தேய்வழக்காகிவிட்டது. செப்டம்பர் கடைசியின் இதமான வெயில் நாட்களை ஹாம்ப்ஷையரில் ‘பிளாக்பெர்ரிக் கோடை’ என்றனர். இத்தகைய சொற்கள் பலவற்றை ஜோசப் ரைட்டின் வட்டார வழக்கு அகராதி (1898–1905) காத்து வைத்துள்ளது. காட்டில் கைவிடப்பட்டு, பழச்சாறு படிந்த உதடுகளோடு இறந்த குழந்தைகளைப் பற்றிய பழைய கதைப்பாடலுக்கு 1879இல் ராண்டால்ஃப் கால்டிகாட் படம் வரைந்தார். விக்டோரியா காலப் பிள்ளைகள் பலருக்கு இப்பழம் அந்தத் துயரத்தோடும் சேர்ந்தது.

முதல் உலகப்போரின்போது, 1918இல், படைவீரர்களின் ஜாமுக்காக அரசே பள்ளிப் பிள்ளைகளைப் பழம் பறிக்க அனுப்பியது. ஒரு காலத்தில் மட்டம் என்று பதிந்த அதே நாட்குறிப்புகளில் இப்போது பறித்த எடை பதிவாயிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெரிய இயந்திரங்களுக்காக வேலிகள் பரவலாக அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றுக்கு 1997இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. கடைகளில் இன்று விற்பது பெரும்பாலும் வளர்ப்பு வகைகள். விற்பனைக்காக அல்லாமல் காட்டுப்பழம் பறிப்பது திருட்டாகாது என்று 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதுவே இன்றும் நடைமுறை.